வெள்ளோட்டமும் மெய்நிகர்ப் பொறியும்: ஒரு வரலாற்று நோக்கு

புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவன்று நேரே வீதிக்குக் கொண்டுவருவது தமிழர் வழக்கமன்று. மூர்த்தியை எழுந்தருளச் செய்யுமுன், வெறுந்தேராக ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பர். அச்சுப் பாரத்தைத் தாங்குமா, சில்லுகள் ஒழுங்காகத் திரும்புமா, முட்டுக்கட்டைக்குத் தேர் நிற்குமா என்பன அப்பொழுது புலனாகும். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். புதிய கப்பலை முதன்முதற் கடலில் விடுவதற்கும் இச்சொல் வழங்கும். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் இரதம் வரக் கண்டு வளர்ந்த கொழும்புத் தமிழருக்கு இச்சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெள்ளோட்டத்தின் தத்துவம் இரண்டு நிபந்தனைகளில் அடங்கும். பிழை நேரினும் பெருங்கேடு விளையாத இடத்தில் அது நடைபெறல் வேண்டும் என்பது ஒன்று. கண்ட குறையைத் திருத்துவதற்குக் காலம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது மற்றையது. இவ்விரண்டில் ஒன்று தவறினும் வெள்ளோட்டம் வெறுஞ் சடங்காகிவிடும். கணினி வரலாற்றில் இந்நிபந்தனைகள் எவ்வாறு நிறைவேறின என்பதையும், இரண்டாவது நிபந்தனை தவறியதால் தமிழ்மொழிக்கு நேர்ந்தது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு நடத்தும் அடிப்படைச் செய்நிரலே பணிசெயல் முறைமை; இதனை இயங்குதளம் எனவும் வழங்குவர். அதன் புதிய பதிப்பை ஆக்கியோர் தம்முள்ளே சோதிக்கும் நிலை அல்பா எனப்படும். இறுதி வெளியீட்டுக்கு முன்னர் வெளியாரிடம் கொடுத்துக் குறை கேட்கும் நிலை பீற்றா எனப்படும். பீற்றாப் பதிப்பு, மூர்த்தி எழுந்தருளாத தேரை ஒத்தது. அதனைத் தம் ஒரே கணினியில் நேரே நிறுவுவோர், மூர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு வெள்ளோட்டம் விடுவோர் ஆவர். தேர் சரிந்தால் உள்ளதெல்லாம் சரியும். ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதுபோலத் தோற்றுவித்து, புதிய முறைமையை அதனுள் ஓட்டிப் பார்ப்பதே இதற்குக் கண்ட பரிகாரம். அவ்வாறு தோற்றுவிக்கப்பட்ட கணினியே மெய்நிகர்ப் பொறி.

இக்கருத்து வறுமையிலே தோன்றியது என்றால் வியப்பாயிருக்கும். ஆயினும் அதுவே உண்மை. 1960களிற் கணினி என்பது ஓர் அறையை நிறைக்கும் பெரும்பொறி. அதன் விலை காரணமாக ஒரு நிறுவனத்திற் பெரும்பாலும் ஒன்றே இருந்தது. அந்த ஒன்றைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்த வழி காணுதலே அக்காலத்தின் தலையாய சிக்கலாயிற்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில், ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் ஓர் அறிவியல் நிலையத்தைத் தொடங்கியது. அங்கு றொபேட் கிறீசி என்பாரின் தலைமையில் உருவான சி.பி.–40 என்னும் முறைமை 1967ஆம் ஆண்டு தை மாதத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. சிறப்பாக மாற்றியமைக்கப்பட்ட ஒரே பொறியை அது 14 பொறிகளாகத் தோற்றச் செய்தது. அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினி தனக்கே உரியது என்ற மயக்கம் உண்டாயிற்று.

இம்மயக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை நமது வெள்ளவத்தையின் தொடர்மாடிகளைக் கொண்டு விளக்கலாம். ஒவ்வொரு வீட்டாருக்கும் தனிக்கதவு உண்டு, தனிக்குழாய் உண்டு. கூரைமேலுள்ள நீர்த்தாங்கியோ ஒன்றே. குழாயைத் திறப்பவர் தாங்கியைப்பற்றி எண்ணுவதில்லை. ஆயினும் தாங்கியின் திறப்பு காவலாளியிடமே உள்ளது. அதுபோல, மெய்நிகர்ப் பொறியினுள் இயங்கும் முறைமை சாதாரண கட்டளைகளைத் தானே நிறைவேற்றும். வன்பொருளை ஆளும் கட்டளை ஒன்றை அது இட்டவுடன், மேற்பார்வைச் செய்நிரல் குறுக்கிட்டு, அதனைத் தான் ஏற்று, பிறருக்கு ஊறு நேராவண்ணம் நிறைவேற்றிக் கொடுக்கும். ஒரு வீட்டிற் குழாய் உடைந்தால் அவ்வீட்டுக்குரிய வால்வை மூடினாற் போதும்; அயல்வீட்டார் அறியவும் மாட்டார்.

1972ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்னும் முறைமையை அறிவித்தது. ஒரே பெரும்பொறியை வைத்திருந்த நிறுவனங்களுக்கு அது ஒரு பெரும் வசதியைத் தந்தது. சம்பளப் பட்டியலும் கணக்குகளும் பழைய முறைமையில் வழமைபோல் நடந்துகொண்டிருக்க, புதிய முறைமையை அதே பொறியின் மற்றொரு மூலையிற் சோதித்துப் பார்க்க முடிந்தது. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 370 வரிசைக்குரிய மெய்நிகர் நினைவக வன்பொருள் கைக்கு வருமுன்னரே, கேம்பிறிட்ஜ் ஆய்வாளர் பழைய பொறியில் அதன் மெய்நிகர் வடிவத்தை அமைத்து, அதற்குரிய முறைமையை அதனுள் ஓட்டிப் பார்த்தனர். தேர் செய்து முடியுமுன்னரே அதன் வெள்ளோட்டம் நிகழ்ந்துவிட்டது எனலாம்.

1974இல் ஜெரால்ட் பொபெக், றொபேட் கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் இதற்கு இலக்கணம் வகுத்தனர். உள்ளே இயங்கும் செய்நிரல் மெய்ப்பொறியில் இயங்குவதுபோலவே இயங்கல் வேண்டும். வளங்கள் அனைத்தும் மேற்பார்வைச் செய்நிரலின் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நிறைவேறல் வேண்டும் என்பன அவர்கள் கூறிய மூன்று பண்புகள். பிற்காலத்தில் வீடுதோறும் பரவிய தனியாள் கணினிகளின் நுண்சில்லுகள் இவ்விலக்கணத்துக்கு அமையவில்லை. மேற்பார்வையாளருக்குத் தெரியாமலே நழுவிவிடும் கட்டளைகள் அவற்றில் இருந்தன. பென்ரியம் நுண்சில்லில் இத்தகைய கட்டளைகள் 17 உள்ளன என 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர்.

ஆயினும் அதற்கு முந்திய ஆண்டிலேயே இத்தடை கடக்கப்பட்டிருந்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்றிலிருந்து கிளைத்த வி.எம்.வெயார் நிறுவனம் 1998இல் தோன்றியது. நழுவும் கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளைகளாக மாற்றும் உத்தியைக் கொண்ட மென்பொருளை அது 1999இல் வெளியிட்டது. 2005ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நுண்சில்லுகளே இப்பணிக்கு ஏற்ப அமைக்கப்பட்டன. 2007இல் வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருள் திறந்த மூலநிரலாக வெளிவந்தது. அதே ஆண்டில் லினக்ஸ் கருவினுள்ளும் கே.வி.எம். என்னும் இவ்வசதி சேர்க்கப்பட்டது. பெருநிறுவனங்களுக்கே உரியதாயிருந்த ஒரு வசதி இவ்வாறு மாணவர் கைக்கும் எட்டியது.

1972இன் நிலைமை இன்றும் நம்மிடையே உண்டு என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவேன். கொட்டாஞ்சேனையில் எனது மாமா ஒருவர் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறார். மரண அறிவித்தல், திருமண அழைப்பிதழ், கோயில் விஞ்ஞாபனம், அந்தியேட்டிக் கல்வெட்டு ஆகிய யாவும் அங்குள்ள ஒரே கணினியில், பழைய பாமினி எழுத்துருவிலேயே கோக்கப்படுகின்றன. புதிய முறைமை ஒன்றை அதில் நிறுவிப் பார்க்கலாமா என ஒருநாட் கேட்டேன். “தம்பி, உதில கைவைக்காதை, நாளைக்கு அந்தியேட்டி, கல்வெட்டு இரவைக்குள்ள முடியவேணும்” என்றார். அவர் பழமைவாதியல்லர். புறூவ் பாராமல் ஒரு தாளையேனும் அச்சேற்றாதவர். ஒரே பொறியை நம்பி வாழ்பவருக்குச் சோதனை என்பது சூதாட்டமாகிவிடுகிறது என்பதையே அவர் உணர்த்தினார். புதுமைக்குத் தடையாக நிற்பது பலவேளைகளில் மனமன்று. தோல்விக்குக் கொடுக்க வேண்டிய விலையே.

வெள்ளவத்தையிலுள்ள எனது அறையில், 8 ஜிகாபைற் நினைவகம் கொண்ட மடிக்கணினி ஒன்றே எனக்கும் தங்கைக்கும் பொதுவாக உள்ளது. அதில் பாதி நினைவகத்தை ஒதுக்கி, மெய்நிகர்ப் பொறி ஒன்றை அமைத்து, லினக்ஸ் பதிப்பு ஒன்றின் பீற்றா வடிவத்தை அதனுள் நிறுவினேன். நிறுவி முடிந்ததும் அந்நிலையை அவ்வாறே பதிந்துவைத்தேன். பின்னர் எத்துணை குழப்பம் நேரினும் பதிந்த நிலைக்கு ஒரு நொடியில் மீளலாம். இருமுறை அம்முறைமை முற்றாக நிலைகுலைந்தது. தங்கையின் ஒப்படைக்கோ எவ்வித ஊறும் நேரவில்லை. இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு என்பதையும் கூறல் வேண்டும். மெய்நிகர்ப் பொறியில் உள்ளவை மெய்நிகர் உறுப்புகளே. ஆகவே கம்பியில்லா இணைப்பு, மின்கலம், திரைச்செயற்பாடு ஆகியவற்றின் உண்மையான குறைகள் அங்குத் தோன்றா. எழுத்து, மொழி, கோப்பு ஆகியன தொடர்பான குறைகளை அறிவதற்கு அது போதும்.

எனது கவனம் எழுத்தின்மீதே இருந்தது. ஒரு செயலியிற் ‘கொ’ என்று தட்டியபொழுது, ஒகரக் குறி ககரத்திலிருந்து பிரிந்து புள்ளிவட்டம் ஒன்றோடு தனித்து நின்றது. அதனைப் படமெடுத்து, நேர்ந்த விதத்தை எழுதி அனுப்பினேன். சில வாரங்களின்பின் வெளிவந்த இறுதிப் பதிப்பில் அக்குறை இருக்கவில்லை. வேறு பலரும் முறையிட்டிருக்கலாம், பெருமை எனதன்று. முறையீட்டுக்குச் செவிகொடுக்கும் காலம் பீற்றாக் காலமே என்பது அன்று எனக்குத் தெளிவாயிற்று.

இங்கேதான் வெள்ளோட்டத்தின் இரண்டாவது நிபந்தனை முன்வருகிறது. கணினிகளில் எழுத்துகளுக்கு எண்கொடுக்கும் யூனிகோட் தரத்தின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயின் அதன் ஒழுங்கு, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டின் இஸ்கித் தரத்தை அடியொற்றியது. ‘க்’ என்னும் மெய்யெழுத்து, அகரமேறிய ககரத்தையும் புள்ளியையும் சேர்த்து இரு கூறுகளாகக் குறிக்கப்பட்டது. மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் பிறக்கும் என்னும் தமிழிலக்கண நெறிக்கு இது முரணானது எனப் பலர் குறைகூறினர். 1996இல் வந்த 2.0 பதிப்பிற் கொரிய எழுத்துகள் இடம் மாற்றப்பட்டன. அதனால் விளைந்த குழப்பத்தை அடுத்து, அப்பதிப்பு முதலாக ஒருமுறை இடப்பெற்ற எழுத்து இடம் மாற்றப்படாது, நீக்கப்படாது என்பது உறுதியான நெறியாயிற்று. தமிழ்க் கணிமை பற்றிய முதலாவது பெருமாநாடான ‘தமிழ்நெற் 97’ சிங்கப்பூரிற் கூடியதோ 1997இல். சென்னையில் ‘தமிழிணையம் 99’ கூடியது 1999இல். தேர் வீதிக்கு வந்துவிட்டபின் அச்சின் அளவைப்பற்றி வாதிட்டவாறாயிற்று.

அதே 1997ஆம் ஆண்டு நமது நாட்டில் நிகழ்ந்ததொன்று ஒப்புநோக்கத்தக்கது. சிங்கள எழுத்துகளுக்குரிய இடம் அப்பொழுது வரைவு நிலையிலேயே இருந்தது. வெளிநாட்டார் சிலரின் வரைவுகளும் முன்வைக்கப்பட்டிருந்தன. 1984இல் நிறுவப்பட்டு, கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க நீண்டகாலம் தலைமை தாங்கிய சின்ரெக் அமைப்பு, சிங்கள எழுத்துக்குறிகள் பற்றி முன்னரே ஆராய்ந்து வைத்திருந்தது. இலங்கைக் குழுவினர் கிரீற் தீவிற் கூடிய அனைத்துலகத் தரக்கூட்டத்துக்குச் சென்று தமது வரைவுக்காக வாதிட்டனர். அவர்களது நிலைப்பாடு பெரிதும் ஏற்கப்பட்டு, 1999இல் வந்த 3.0 பதிப்பிற் சிங்களம் சேர்க்கப்பட்டது. அறிவிலோ மொழிப்பற்றிலோ தமிழர் குறைந்தவரல்லர். வேறுபாடு காலத்திலேயே இருந்தது. ஒருவர் வெள்ளோட்டத்துக்குச் சென்றனர்; மற்றவர் தேர்த்திருவிழாவுக்குச் சென்றனர்.

பிற்காலத்தில் தமிழரும் இவ்வுண்மையை உணர்ந்தனர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. தமிழின் சுழி எண் 2005இல் யூனிகோட்டிற் சேர்க்கப்பட்டது. முந்திரி, மாகாணி முதலிய பின்னங்களும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறியீடுகள், முறையான முன்மொழிவுகளின் பயனாக, 2019இல் வந்த 12.0 பதிப்பில் இடம்பெற்றன. பழைய ஏட்டுக் கணக்குகளை ஆராயும் வரலாற்று மாணவருக்கு இது சிறிய பேறன்று. யூனிகோட்டின் ஒவ்வொரு புதிய பதிப்பும் பீற்றா நிலையிற் பொதுமக்களின் கருத்துக்கு விடப்படுகிறது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

கணினி விஞ்ஞானம் கற்போருக்கே இப்பணி உரியது என நாம் ஒதுங்கிவிடுதல் தகாது. ஒரு புதிய முறைமையின் உட்கட்டமைப்பில் உள்ள பிழையை அவர்களே காண்பர். ஆயின் ஒகரம் பிரிந்து நிற்பதையும், தமிழாக்கப்பட்ட கட்டளை பொருள் மயங்குவதையும், அகரவரிசை பிறழ்வதையும் காணத் தமிழ் கற்ற கண் வேண்டும். அக்கண் கலைப்பீடத்தில் உண்டு. தோல்வியின் விலையைக் குறைத்து, ஒரே பொறியை உடையவருக்கும் வெள்ளோட்டத்தில் இடமளித்தது மெய்நிகர்ப் பொறி. குறையைக் கேட்கச் செவிதிறந்து காத்திருக்கிறது பீற்றாக் காலம். சில வாரங்களில் அது முடிந்துவிடும். அதன்பின் எழும் முறைப்பாடு அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும்; எழுத்துக்குறிகளிலோ என்றைக்குமே காத்திருக்க நேரலாம். தேர் வெறுமையாக நிற்கும்போதே வடத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது நமது கடனாகும்.