முதல் எழுத்து போன படங்கள்

'மீட்டெடுத்தல்' என்ற வார்த்தையை நம் விமர்சகர்கள் தாராளமாகப் புழங்குகிறார்கள். எது தொலைந்தது, எது திரும்பி வந்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

1977ல் மார்க் மெக்டொனால்ட் உருவாக்கிய கோப்பு அட்டவணை முறையின் சந்ததிதான் 32 ஜிகாபைட் வரையிலான கேமரா கார்டுகளில் பெரும்பாலும் இருக்கிறது. அதில் அழித்தல் விசித்திரமான காரியம். படத்தை யாரும் தொடுவதில்லை. பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் விழுகிறது. எந்தெந்தக் கட்டங்களில் படம் கிடக்கிறது என்ற குறிப்பு துடைக்கப்படுகிறது. அவ்வளவுதான். வேறொன்று மேலே எழுதப்படும்வரை படம் அங்கேயே இருக்கிறது. சேமிக்கும்போது மின்சாரம் நின்றாலும் ஏறக்குறைய இதேதான்: படம் வந்துவிட்டது, முகவரி எழுதப்படவில்லை.

மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பட்டறைகளில் நான் எடுத்த படங்கள் இப்படித்தான் போயின. கிரிஸ்தோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் நிரல் அட்டவணையை நம்புவதில்லை. கட்டம் கட்டமாகப் போய், 255, 216 என்று தொடங்கும் இடங்களைத் தேடுகிறது. எந்த ஜேபெக் படமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். படங்கள் வந்தன, பெயருக்குப் பதில் ஓர் எண்ணுடன். ஒன்றில் லேத்தின் மேல் குனிந்த தலை, அதற்குக் கீழே வெறும் சாம்பல். இன்னொன்றில் பாதிக்குப் பிறகு எல்லாமே ஊதா. ஜேபெக்கில் ஒவ்வொரு துண்டும் தன் சராசரி நிறத்தை முந்தைய துண்டிலிருந்து உள்ள வித்தியாசமாகவே குறித்துக்கொள்கிறது. நடுவில் ஒன்று பிசகினால் பின்னால் வருவதெல்லாம் பிசகு.

இந்த வேலையின் முதல் விதி: கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதாதே. 'மார்த்தாண்ட வர்மா' (1933) மௌனப் படம் பிழைத்ததும் இந்த விதியால்தான். நாவலின் பதிப்புரிமைத் தகராறில் பிரதி பதிப்பாளரிடம் முடங்கிற்று. யாரும் ஓட்டித் தேய்க்கவில்லை. 1974ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்தது. எச்.எம். ரெட்டியின் 'காளிதாஸ்' (1931) அப்படித் தப்பவில்லை. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, டி.பி. ராஜலக்ஷ்மி நடித்த செய்தி இருக்கிறது. படச்சுருள் இல்லை.

பெயர் நின்று படம் போனதை நாம் சரித்திரம் என்று ஒப்புக்கொள்கிறோம். படம் நின்று பெயர் போனதைக் கழிவு என்கிறோம். லேத்தில் குனிந்த அந்த மனிதர் இரண்டாவது வகை. அவர் பெயர் எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதை எந்த நிரலும் தேடித் தராது. பட்டறை இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.