சேமித்த ஆட்டம் யார் கையில்?

1986 மே மாதம் ஜப்பானில் ‘டிராகன் குவெஸ்ட்’ வெளிவந்தபோது, அந்தக் கேசட்டில் ஆட்டத்தைச் சேமிக்க இடமே கிடையாது. ஆட்டத்துக்குள் இருக்கும் ராஜாவிடம் போய்ப் பேசினால் 20 எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரம் சொல்வார். அதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நாயகனின் அனுபவப் புள்ளிகள், கையிருப்புத் தங்கம், வாள், கேடயம் எல்லாம் அந்த எழுத்துகளுக்குள் சுருக்கப்பட்டிருக்கும். அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. ஹிரகானாவில் ‘நெ’யும் ‘ரெ’யும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்றை மாற்றி எழுதினால் போச்சு, அத்தனை நாள் ஆடியதும் காலி.

சேவ் ஃபைலின் கதையை நான் இங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அன்று அது ஆடுபவரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக நம் கையைவிட்டு நகர்ந்தது.

1987இல் ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா’ அமெரிக்காவில் கேசட்டாக விற்பனைக்கு வந்தபோது, உள்ளே ஒரு மெமரி சிப்பும் அதற்கு உயிர்கொடுக்க ஒரு சின்ன பேட்டரியும் இருந்தன. ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியேதான் பவரை அணைக்க வேண்டும். மின்சாரம் இறங்கும் நொடியில் பிராசஸர் தாறுமாறாக எதையாவது எழுதி, சேமித்ததைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரி பல வருடம் தாங்கும். தீரும் நாளில் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் தீரும்.

கணினியில் டிஸ்க் இருந்ததால் இந்தக் கவலை இல்லை. 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’, தான் இருக்கும் ஃபோல்டரிலேயே சேவ் ஃபைல்களை எழுதியது. மொத்தம் 6 இடங்கள். ஃப்ளாப்பியில் காப்பி எடுத்துக் கொடுத்தால், நீங்கள் விட்ட இடத்திலிருந்து நண்பர் ஆடலாம்.

நம்ம ஊர் வீடுகளில் இதற்கு இன்னொரு பலன் இருந்தது. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் சர்வீஸ் கடை அண்ணன் வந்து, “ஃபார்மட் போட்டுடலாம் தம்பி, டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும்” என்பார். கேம்களை டி டிரைவில்தான் போட்டு வைத்திருப்போம். பல பழைய கேம்களின் சேவ் ஃபைலும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே இருந்ததால், அதுவும் பிழைத்துக்கொள்ளும்.

2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதை மாற்றியது. சாதாரண உரிமையோடு ஓடும் புரோகிராம்கள் இனி ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் எழுத முடியாது. மென்பொருள் எழுதுபவனாக இது நியாயம் என்றுதான் சொல்வேன். வைரஸுக்கும் அதே தடை; ஒரே கம்ப்யூட்டரில் ஆடும் அக்காவுக்கும் தம்பிக்கும் தனித்தனிச் சேமிப்பு. பிடிவாதம் பிடித்த பழைய கேம்களிடம் விண்டோஸ் “எழுதியாச்சு” என்று சொல்லிவிட்டு, ஃபைலை ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற வேறொரு ஃபோல்டரில் வைத்துவிடும். ‘சேவ்டு கேம்ஸ்’ என்றே ஒரு ஃபோல்டரை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. பல கேம்கள் அதைச் சீண்டவில்லை. சில ‘டாக்குமென்ட்ஸ்’ பக்கம் போயின. சில ‘ஆப்டேட்டா’வுக்குள் ஒளிந்தன. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் நீங்கள் கட்டிய ஊர் மொத்தமும் இருப்பது ஆப்டேட்டா, ரோமிங், .மைன்கிராஃப்ட், சேவ்ஸ் என்ற பாதையில். ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ஸை டிக் செய்யாவிட்டால் ஆப்டேட்டா கண்ணிலேயே படாது.

வழக்கமாக இதெல்லாம் இருப்பது சி டிரைவில். கடை அண்ணன் இப்போதும் பொய் சொல்வதில்லை. டி டிரைவ் அப்படியேதான் இருக்கும். அதில் நம் ஊர் மட்டும் இருக்காது.

2008இல் ஸ்டீம் கிளவுட் வந்தது. ஃபார்மட் பயம் போனது, வேறொரு கேள்வி வந்தது. இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒத்துப்போகாத நாளில், இரண்டு தேதிகளைக் காட்டி எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். தப்பானதைத் தொட்டால் இன்னொன்றின்மேல் இது ஏறிவிடும். பதில் சொல்லும் முன் அந்த ஃபோல்டரை வேறு இடத்தில் காப்பி எடுத்து, பெயரோடு தேதியையும் சேர்த்து வைப்பது என் பழக்கம். ஒரு நிமிட வேலை.

1987இல் யாரோ ஒரு சிறுவன் பிழையில்லாமல் எழுதிவைத்த 52 எழுத்துகளை, இன்றைக்கும் அதே கேசட்டில் போட்டு ஆட்டத்தைத் தொடரலாம். அதற்குப் பேட்டரி வேண்டாம், அக்கவுன்ட் வேண்டாம். தாளைக் கரையான் அரிக்காமல் இருந்தால் போதும்.