கவையில் வைத்த வலை: இதயத் தமனிக் கிளைகளும் ஸ்டென்ட் சோதனைகளும்

மரத்தின் தண்டு இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்றும் கவடு என்றும் தமிழ் வழங்கும். இதயத் தசைக்குக் குருதி கொணரும் தமனிகளிலும் அத்தகைய கவைகள் பல உண்டு. கவையை அடைந்த குருதி இரண்டாகப் பிளந்து ஓடுகிறது. பிளக்கும் முனையில் ஓட்டத்தின் விசை மிகுதி. அதற்கு எதிர்ப்புறச் சுவர்களிலோ ஓட்டம் தளர்கிறது. ஆற்றில் நீர் தளர்ந்த கரையோரம் மணல் படிவதுபோல, அச்சுவர்களில் கொழுப்புப் படிவு திரள்கிறது. இக்கவைகளின் அடைப்பை நீக்க எழுந்த கருவிகள் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதும், அச்சோதனைகள் நமக்குக் கற்பிப்பது யாது என்பதுமே இவ்வுரையின் பொருள்.

1977 செப்டம்பர் 16 அன்று, சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருயென்ட்சிக் என்னும் மருத்துவர், விழித்திருந்த நோயாளி ஒருவரின் இதயத் தமனிக்குள் பலூனைச் செலுத்திக் குறுக்கத்தை விரித்தார். அக்குறுக்கமும் பெரிய கிளை ஒன்று பிரியும் இடத்தை ஒட்டியே இருந்தது. விரித்த தமனி மீண்டும் சுருங்குவது பலூன் முறையின் பெருங்குறை. தமனியைத் தாங்கி நிறுத்த, 1986-இல் பிரான்சின் துலூஸ் நகரிலும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் உலோக வலைக்குழாய்கள் முதன்முறையாக மனிதரின் இதயத் தமனிகளில் பொருத்தப்பட்டன. அக்குழாய்க்கு வழங்கும் ஸ்டென்ட் என்னும் பெயர், பல் அச்சு எடுக்கும் பசையொன்றை உருவாக்கிய 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பல் மருத்துவர் சார்லஸ் ஸ்டென்ட் என்பாரின் பெயரிலிருந்து வந்தது என்பர்.

1994-இல் வெளிவந்த பெனஸ்டென்ட், ஸ்ட்ரெஸ் என்னும் இரு ஆய்வுகள், ஏறத்தாழ 900 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, வெறும் பலூனைவிட ஸ்டென்ட் மேலானது என நிறுவின. ஆனால் அவை பெரும்பாலும் எளிய குறுக்கங்களையே எடுத்துக்கொண்டன. கவை சோதனைக்குப் புறத்தே நின்றது.

கவையின் சிக்கல் வேறு. பெருந்தமனியில் வைத்த ஸ்டென்ட், கிளையின் வாயைக் கம்பி வேலிபோல் மறைத்துவிடும். மருத்துவர் இதனைச் சிறைப்பட்ட கிளை என்பர். ஆகவே கிளைக்கும் தனியே ஒரு ஸ்டென்ட் வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. வழி இரண்டு எனில் தாங்கியும் இரண்டு என்பது எவர்க்கும் பொருத்தமாகவே தோன்றும். மீள்சுருக்கத்தைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்டுகள் 2003-ஐ ஒட்டிப் பரவியதும் அவ்வெண்ணம் வலுப்பெற்றது.

சோதனை வேறு விடை தந்தது. 2006-இல் வெளிவந்த நார்டிக் ஆய்வில் 413 பேர் பங்கேற்றனர். ஆறு மாதத்தில் பெருந்தீங்கு நேர்ந்தோர் ஒற்றை ஸ்டென்ட் பிரிவில் 2.9 விழுக்காடு, இரட்டை ஸ்டென்ட் பிரிவில் 3.4 விழுக்காடு. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை எனலாம். சிகிச்சை நேரமும் எக்ஸ்ரே சாயத்தின் அளவுமோ இரட்டை முறையில் மிகுந்தன. 2010-இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில் 500 பேர் பங்கேற்றனர். அதில் தீங்கு எளிய முறையில் 8.0 விழுக்காடாகவும் சிக்கலான முறையில் 15.2 விழுக்காடாகவும் அமைந்தது.

முறையில் அன்று, கருவியிலேயே குறை இருக்கலாம் எனக் கருதியோர் கவைக்கென்றே புதிய ஸ்டென்டுகளை வடித்தனர். அவற்றுள் ஒன்று டிரைட்டன். 704 பேரிடம் நடந்த அதன் முதன்மைச் சோதனை 2015-இல் வெளியாயிற்று. கிளையைப் பலூனால் மட்டும் விரித்த பிரிவில் 12.8 விழுக்காட்டினர்க்கும் புதிய ஸ்டென்ட் பெற்ற பிரிவில் 17.4 விழுக்காட்டினர்க்கும் சிகிச்சை தவறியது. பழைய முறைக்குத் தாழ்ந்ததன்று என மெய்ப்பிக்கப் புகுந்த கருவி அதனை மெய்ப்பிக்க இயலவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, சோதனையில் சேர்க்கப்பட்ட கிளைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை, கருவி கருதிய அளவைவிடச் சிறியவை எனத் தெரிந்தது. பின்னர் 2017-இல் பெரிய கிளைகளுக்கு மட்டும் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிட்டியது.

இடது முதன்மைத் தமனியின் கவையைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. சீன மருத்துவர் தலைமையில் 482 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, இரட்டை ஸ்டென்ட் முறை ஒன்றுக்கு வெற்றி தந்தது: தவறியது 5.0 விழுக்காடு, ஒற்றை ஸ்டென்டில் தொடங்கும் முறையில் 10.7 விழுக்காடு. 2021-இல் ஐரோப்பிய ஆய்வு அத்தகைய வெற்றியைக் காணவில்லை. கையாண்ட நுட்பம் வேறு, நோயாளிகளும் வேறு. ஆகவே ஓர் ஆய்வின் முடிவைக் கேட்குமுன், எத்தகைய தமனியில், எவரிடத்தில் என்று வினவுதல் வேண்டும்.

பினாங்கில் வாழும் நமக்கு அவ்வினா நெருக்கமானது. 1972 முதல் பாயான் லெப்பாஸில் பி. பிரவுன் நிறுவனம் மருத்துவப் பொருள்கள் செய்து வருகிறது. அண்மைக் காலத்தில் பத்து காவானிலும் இத்துறைத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. செய்தல் ஒன்று, சோதித்தல் வேறு. மேற்சொன்ன நார்டிக், பிரித்தானிய ஆய்வுகளில் நோயாளிகளின் சராசரி வயது அறுபதைக் கடந்தது. 2007 முதல் ஸ்டென்ட் சிகிச்சையைப் பதிந்துவரும் மலேசியத் தேசியத் தரவகத்திலோ அது அறுபதுக்குள் நிற்கிறது. நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடே ஆன இந்தியர், அப்பதிவேட்டில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இடம்பெறுகின்றனர். இளமையில் நோயுறுவோரின் தமனியில் ஸ்டென்ட் நெடுங்காலம் இருக்க வேண்டும். ஓராண்டு முடிவு அவர்களுக்குப் போதாது.

இங்கு மொழிக்கும் பணி உண்டு. சோதனையில் சேருமாறு கேட்கப்படும் முதியவர், குலுக்கல் என்றால் என்ன, மறுத்தால் சிகிச்சை நின்றுவிடுமா, இடையில் விலகலாமா என்பவற்றைத் தம் மொழியில் அறிந்த பின்னரே ஒப்பமிடுதல் முறை. அவ்விளக்கத்தைத் தெளிந்த தமிழில் எழுதவும் எடுத்துரைக்கவும் வல்லோர், இன்று வகுப்பறைகளில் இருக்கும் ஆசிரியரும் மாணவருமே. பொருத்தமாகத் தோன்றுவது வேறு, மெய்ப்பிக்கப்பட்டது வேறு என்று கவைகளின் வரலாறு காட்டுகிறது. அவ்வேறுபாட்டை நம் மக்களுக்கு நம் மொழியில் உணர்த்துதல் நம் கடன்.