கீழூரில் 178 பேர்

புதுச்சேரின்னா நம்ம சினிமாக்காரங்களுக்கு மஞ்சள் சுவர், கடற்கரை, குறைஞ்ச விலைச் சரக்கு. அவ்வளவுதான். ஆங் லீ கொஞ்சம் பரவாயில்லை. 2012-ல் வந்த ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக வில்லியனூர் கோயில் வரைக்கும் கேமராவைக் கொண்டுவந்தார். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தா கீழூர்.

போன வாரம் பைக்கை எடுத்துட்டு அங்கே போனேன். சுற்றிலும் வயல். அமைதியான ஊர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் தலையெழுத்தை முடிவு செஞ்ச இடம் இதுதான்னு நினைவிடத்தைப் பார்க்காட்டி நம்பவே மாட்டீங்க.

அன்னிக்கு ஓட்டுப் போட்டவங்க 178 பேர். சட்டசபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். இந்தியாவோடு சேர 170, எதிர்த்து 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுசா மாற 1962 ஆகஸ்ட் 16 ஆச்சு.

முடிவு சரியானதுதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா ஒரு உறுத்தல். 1948 ஜூன் ஒப்பந்தப்படி மக்கள்தான் முடிவு செய்யணும். சந்திரநாகூரில் 1949-ல் அப்படித்தான் நடந்தது. ஜனங்களே ஓட்டுப் போட்டாங்க: சேர ஏழாயிரத்துக்கும் மேல, வேண்டாம்னு 114. இங்கே மட்டும் ஏன் 178 பேர்?

பதில் இருக்கு. அந்தக் காலத்துத் தேர்தல் இங்கே அடிதடி, கள்ள ஓட்டுன்னு நாறிக் கிடந்தது. 1951-ல் வந்த வெளிநாட்டுப் பார்வையாளர்களே சுதந்திரமான வாக்கெடுப்புக்கு இது நேரமில்லைன்னு சொல்லிட்டாங்க. சரி. ஆனா அந்த மாதிரித் தேர்தல்லதானே இந்த உறுப்பினர்களும் ஜெயிச்சு வந்தாங்க! 1951-ல் பிரெஞ்சு ஆதரவாளரா பாரிஸ் நாடாளுமன்றம் போன எதுவார் குபேர், 1954-ல் அணி மாறி நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைச்சார். 1963-ல் முதலமைச்சரும் ஆனார். கட்சி தாவல் நமக்கு நேற்று வந்த வியாதி இல்லைங்க.

வில்லியனூர், பாகூர் ரெண்டும் 1783 வெர்சாய் ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லிப் பிரெஞ்சுக்காரனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பகுதிகள். இன்னிக்கும் புதுச்சேரி கிராமங்களைச் சுற்றினா நடுநடுவே தமிழ்நாடு வந்து வந்து போகுதே, அந்த மாதிரிப் பேரங்கள் போட்ட கோடுதான் அது. அப்பவும் இங்கே ஏர் பிடிச்சவனை யாரும் கேட்கலை. 1954-லயும் நேரா கேட்கலை.

எனக்கு அந்த 8 பேர் மேலதான் கண்ணு. பயமா, விசுவாசமா, பென்ஷன் கவலையா? ஒரு நல்ல நாவலுக்கு இது போதாதா? ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை வெச்சுக்கிட்டு பிரபஞ்சன் 18-ஆம் நூற்றாண்டையே ‘வானம் வசப்படும்’ நாவலில் எழுந்து நடக்க வெச்சார். 1995-ல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கினார். பிள்ளைவாள் தினமும் உட்கார்ந்து எழுதி வெச்சதாலதான் அது முடிஞ்சது.

கீழூருக்கு அப்படி ஒரு நாட்குறிப்பு வேணும்னா, கிழவர்கள் வாயிலிருந்துதான் எடுக்கணும். 1954-ல் இருபது வயசுன்னா இப்ப தொண்ணூறைத் தாண்டியிருக்கும். பாகூர்லயோ வில்லியனூர்லயோ உங்க வீட்டுத் திண்ணையில் அப்படி ஒரு தாத்தா இருந்தா, இன்னிக்கே பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. படம் எடுக்கிறவன் மெதுவா வரட்டும்.