புளியமரத்தடியில் வைத்துவிட்டுப் போன துப்பாக்கிகள்

பழைய துப்பாக்கிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பட்டாளத்தில் இருந்த துப்பாக்கி, கைத்துப்பாக்கி என்று வாங்கி, துரு நீக்கி, எண்ணெய் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கேழ்வரகும் குச்சிக்கிழங்கும் போடுகிற எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்கலாம். சம்பந்தம் இருக்குங்க. அவர்கள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கும் துப்பாக்கிகளில் சில, எங்கள் தருமபுரி மண்ணை ஆண்டவருடையவை.

2015 ஏப்ரலில் லண்டனில் பான்ஹாம்ஸ் என்ற ஏலக் கம்பெனி திப்பு சுல்தான் சம்பந்தப்பட்ட 30 பொருட்களை ஏலம் விட்டது. மொத்தம் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. திப்புவின் சொந்த ஆயுதசாலையில் இருந்த ஒரே ஒரு வேட்டைத் துப்பாக்கி 7,22,500 பவுண்டு. அன்றைய கணக்கில் ஆறரைக் கோடி ரூபாய்க்கு மேல். இதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவர் ராபின் விகிங்டன் என்ற ஆங்கிலேயர். சேர்த்ததோடு நிற்காமல் திப்புவின் துப்பாக்கிகளைப் பற்றியே 1992-இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

எங்க பக்கத்தில் வேறு மாதிரி ஒரு குவியல் உண்டு. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள், ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போனால் கேஸ் கிடையாது என்று போலீசும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிக்கும். மறுநாள் விடியும்போது கோயில் பக்கத்திலோ புளியமரத்தடியிலோ நாலைந்து துப்பாக்கி சாத்தி இருக்கும். யார் வைத்தது, யாருடைய பாட்டன் வாங்கியது, எந்தக் காலத்துச் சாமான், எதுவும் தெரியாது. போட்டோ எடுத்து வண்டியில் ஏற்றுவார்கள். பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வரும். அதோடு முடிந்தது.

இந்த இரண்டு குவியலும் ஒரே சரித்திரத்தின் இரண்டு முனை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதிக்கு அப்போது பாரமகால் என்று பெயர். ஐதர் அலி, பிறகு திப்பு என்று மைசூர் ஆட்சியில் இருந்தது. கம்பெனிப் படை பெங்களூரில் இருந்தும் கீழ்நாட்டில் இருந்தும் மோதியது இந்த மலைக் கணவாய்களில்தான். 1791 ஜூலையில் ராயக்கோட்டை விழுந்தது. அக்டோபர் கடைசியில் பென்னாகரம் கோட்டை போனது. கிருஷ்ணகிரிக் கோட்டையை நவம்பரில் அடித்துப் பார்த்தும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. பாரமகால் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி போட வந்தார்கள். மன்றோ தருமபுரியிலேயே சில வருடம் தங்கி வேலை பார்த்தார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு இறந்தார். அரண்மனைச் சாமான்களைப் பட்டாளத்துக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு ஏலத்துக்கு வருவது அந்தப் பங்கின் மிச்சம்தான்.

திப்புவின் துப்பாக்கிக்கு ஏன் அந்த விலை? வெள்ளி வேலைப்பாடும் புலி உருவமும் புலிக்கோடும் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. செய்த கொல்லன் பெயர், செய்த இடம், திப்பு தானே ஏற்படுத்திய வருடக் கணக்கு எல்லாம் அதில் பொறித்திருக்கும். 2019-இல் இங்கிலாந்தில் பெர்க்‌ஷயரில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த திப்பு காலத்துத் துப்பாக்கி 60,000 பவுண்டுக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் முன்னோர் மேஜர் தாமஸ் ஹார்ட் என்ற கம்பெனி அதிகாரி என்று சொல்லத் தெரிந்திருந்தது. ஆக, காசு இரும்புக்கு மட்டும் இல்லை. எழுதி வைத்த விவரத்துக்கும் சேர்த்துத்தான்.

இப்ப எங்க ஊர்த் துப்பாக்கிக்கு வருவோம்.

எங்கள் மாவட்டம் நடுகல்லுக்குப் பேர் போனது. மாடு மீட்டுச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன் என்று எத்தனையோ கல். காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தவனுக்கும் கல் உண்டு, பன்றிக்குத்திப்பட்டான் கல் என்பார்கள். பழைய கல்லில் வில், வாள், குறுவாள்தான் இருக்கும். பிற்காலக் கல் சிலவற்றில் வீரன் கையில் துப்பாக்கி வந்துவிடுகிறது. வெள்ளாமையை அழிக்கிற பன்றியை எதிர்த்து நின்றவனைச் சாமியாகக் கும்பிட்ட ஊர் இது. துப்பாக்கி வந்ததும் அந்த வேலைக்குத்தான் முதலில் போனது.

அந்தக் காலப் பட்டாளத் துப்பாக்கி, வாய் வழியாக மருந்து போடுவது. குழலுக்குள் கரிமருந்து, குண்டு, அடைப்பு எல்லாம் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். முதலில் சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி. 1840 வாக்கில் ஆங்கிலேயப் படையில் கேப்பு வைத்து அடிக்கிற வகை வந்தது. கம்பெனிப் படையில் பரவலாக இருந்த ‘பிரவுன் பெஸ்’ வகையின் இந்திய மாதிரிக்குக் குழல் 39 அங்குலம், குழலின் வாய் முக்கால் அங்குலம், எடை நாலு கிலோவுக்கு மேல். 1857-இல் சிப்பாய்கள் எழுந்த பிறகு வெள்ளைக்காரன் ஒரு வேலை செய்தான். குறி தப்பாமல் இருக்கக் குழலுக்குள் திருகு போட்ட புதுத் துப்பாக்கியைத் தன் ஆட்களுக்கு வைத்துக்கொண்டு, நம் சிப்பாய்களுக்குத் திருகு இல்லாத வழவழக் குழலைக் கொடுத்தான். ஒரே படைக்குள்ளேயே இரண்டு துப்பாக்கி.

குடிமக்களிடம் இருந்து ஆயுதத்தைப் பிடுங்குவது அதுக்கும் முன்னாலேயே ஆரம்பித்தாச்சு. தெற்கே பாஞ்சாலங்குறிச்சியும் மருது சகோதரர்களும் அடங்கிய பிறகு, 1801 டிசம்பர் 1 அன்று கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரர்கள் ஆயுதம் வைக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டார். 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் நாடு முழுக்க ஆயுதச் சட்டம். இந்தியன் என்றால் உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். இந்த இனப் பாகுபாடு எடுபட 1920 வரை ஆனது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 1962 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதிலே விவசாயியை மறக்கவில்லை. பயிர்க் காவலுக்கு வாய் வழி மருந்து போடுகிற துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று 13-ஆம் பிரிவில் தனியாகவே சொல்லியிருக்கிறது. இருநூறு வருடம் முந்தின போர்க்களத்து ஆயுத வகை, சட்டப்படி விவசாயச் சாமானாக மாறிய கதை இதுதான்.

எங்க தாத்தாவிடம் அப்படி ஒன்று இருந்தது. கடலைக்காட்டில் பரண் போட்டு, ராத்திரி காவலுக்குப் போகும்போது எடுத்துப் போவார். சுட்டதை விட வெறும் மருந்து போட்டு வெடி விட்டதுதான் அதிகம். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். 1980 தேர்தலப்போ நான் ஆறாவது படித்தேன். அவரோடு நானும் நடந்து போனேன். குதிரைக்குப் பக்கத்துத் தகட்டில் ஒரு கிரீடமும், கீழே ‘டவர்’ என்று இங்கிலீஷ் எழுத்தும் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். “அது வெள்ளக்காரன் பேருடா”ன்னார்.

பேர் இல்லை, லண்டன் டவர் ஆயுதசாலையின் முத்திரை அது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். டவர் முத்திரை இருந்தாலே அசல் என்று சொல்ல முடியாது. அந்த முத்திரையைப் பார்த்து இங்கேயே அடித்த நகல்களும் நிறைய உண்டு. கம்பெனித் துப்பாக்கியில் இதய வடிவத்தில் ஒரு குறியும், பின்னால் வந்தவற்றில் எழுந்து நிற்கும் சிங்கமும் இருக்கும். தாத்தாவுடையது அசலா நகலா? 1984-இல் அவர் போனதும் அப்பா அதை முறைப்படி ஸ்டேஷனில் ஒப்படைத்தார். உரிமம் மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்தார். அலைந்தார். பதில் வரவில்லை. பல வருடம் கழித்து நான் போய்க் கேட்டபோது, அப்படி ஒன்று வந்ததற்கே அங்கே பதிவு இல்லை என்றார்கள்.

இதை வைத்து, ஒப்படைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உரிமம் இல்லாத துப்பாக்கி காட்டோரத்தில் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். மான் சாகும், யானை சாகும், இருட்டில் மனுஷனும் சாவான். மருந்து இடிக்கும்போதே கை போனவர்கள் உண்டு. காட்டுப்பன்றியைக்கூட நாமாகச் சுட முடியாது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காட்டு எல்லையில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறைதான் சுடும். பயிருக்குத் துப்பாக்கி என்ற காலம் முடிந்துகொண்டு வருகிறது. முடியட்டும். ஆனால் முடியும்போது கணக்கு எழுதாமல் முடிகிறது, அதுதான் எனக்கு ஆறலை.

இது புதுசும் இல்லை. தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையின் ஆயுதசாலையை 1860-களில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். நல்லதாகத் தெரிந்ததை எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, பெரும்பகுதியை உடைத்து உலோகமாக விற்றார்கள். தப்பியதை இன்றைக்கும் எழும்பூரில் பார்க்கலாம். ராஜா வீட்டுச் சாமானுக்கே அந்தக் கதி என்றால், எங்கள் கொட்டாயில் இருந்து போன துப்பாக்கிக்கு என்ன கதி?

பக்கத்துக் குடகில் வேறு வழி இருக்கிறது. 1861-இலேயே குடகர்களுக்கு ஆயுத உரிமத்தில் இருந்து விலக்கு கொடுத்தார்கள். அது இன்றைக்கும் நீடிக்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. செப்டம்பரில் நடவு முடிந்து வருகிற கைல்போது பண்டிகையில் வீட்டுத் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். அந்த விலக்கு எல்லோருக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அங்கே துப்பாக்கி மறைவாக இல்லை, அதனால் அதன் கதையும் மறையவில்லை. எங்க ஊரில் பாட்டன் துப்பாக்கி கூரை எரவாணத்தில் சாக்கில் சுற்றிக் கிடக்கும். பேரனிடம் சொல்லக்கூடப் பயம்.

சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள, பழமையான ஆயுதத்துக்கு 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் அது அப்படிப்பட்டதா என்று நாமாக முடிவு கட்ட முடியாது, அதிகாரிகளிடம் காட்டி எழுத்தில் வாங்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், வெளிநாட்டுக்கு விற்க முடியாது. .303 மாதிரிப் பட்டாள ரைபிள்களைப் பொதுமக்கள் வைப்பது பொதுவாகத் தடை. அந்த .303-க்கே 2020 குடியரசு தினத்தில் உத்தரப் பிரதேசப் போலீஸ் அணிவகுப்பில் வழியனுப்பு மரியாதை செய்தார்கள்.

நகரத்தில் இருக்கிற உங்களில் பலருக்குச் சொந்த ஊரில் பழைய வீடு இருக்கும். பரணிலோ எரவாணத்திலோ இப்படி ஒன்று கிடந்தால் மறைக்காதீர்கள். சுட்டும் பார்க்காதீர்கள், உள்ளே பழைய மருந்து இருக்கலாம். குழலின் நீளம், தகட்டில் உள்ள குறி, எழுத்து எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து யார் வாங்கியது, எதற்கு வைத்திருந்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அதில் ஒரு நகல் எடுத்து, துப்பாக்கியோடு சேர்த்து ஸ்டேஷனில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பழசாகத் தெரிந்தால் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிப் பார்க்கும்படி மனுவும் கொடுங்கள். அரைநாள் வேலைதான். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.