அகமதாபாத்துக்கு வந்த மோக்

இந்தியாவில் மின்னணு இசை எங்கே தொடங்கியது என்று கேட்டால், இன்று பலர் சரண்ஜித் சிங்கின் பெயரையே சொல்வர். பம்பாய்த் திரையிசைக் கலைஞரான அவர், 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அன்று பெரிதாகக் கவனிக்கப்படாத அந்த இசைத்தட்டு 2010இல் மறுவெளியீடு கண்டது. சிகாகோவில் 1987இல் உருப்பெற்ற 'ஆசிட் ஹவுஸ்' இசையை இவர் முந்திவிட்டாரே என மேலை நாட்டு இதழ்கள் வியந்தன. வியப்பு நியாயமானதுதான். ஆயினும், சிகாகோவை அளவுகோலாக வைத்துப் பம்பாயைப் புகழ்வது அரைகுறை வரலாறு. சரண்ஜித் சிங்குக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே அகமதாபாத்தில் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்திருந்தது.

1961இல் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969ஆம் ஆண்டு அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மோக் சிந்தசைசரை நிறுவினார். எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பலரும் 'மூக்' என்று சொல்வதுண்டு. அதை உருவாக்கிய ராபர்ட் மோக் தம் குடும்பப் பெயரை 'மோக்' என்றே உச்சரித்தார்.

இக்கருவி வந்த வழி நெடியது. 1946இல், பக்கவாஜ் பயின்ற கீதா சாராபாய் நியூயார்க் சென்று ஜான் கேஜைச் சந்தித்தார். கேஜ் அவருக்கு மேலை இசையின் கவுண்டர்பாயிண்டைக் கற்பித்தார். கட்டணத்துக்கு மாற்றாக அவரிடம் இந்திய இசையைக் கற்றார். மனத்தைத் தெளிவித்து அமைதிப்படுத்துவதே இசையின் பயன் எனத் தம் ஆசிரியர் சொன்னதைக் கீதா அவருக்கு எடுத்துரைத்தார். கேஜின் பிற்காலச் சிந்தனை இக்கருத்தின் மீது பெரிதும் ஊன்றி நின்றது. 1964இல் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவுடன் கேஜும் டியூடரும் அகமதாபாத் வந்தபோது, வரவேற்றது சாராபாய் குடும்பமே. வடிவமைப்பு நிறுவனத்தின் உருவாக்கத்தில் முன்னின்ற கௌதமும் கிராவும் கீதாவின் உடன்பிறந்தோர். ஆகவே, மோக்கின் வருகையை வெறும் தொழில்நுட்ப இறக்குமதி எனக் கொள்ள இயலாது. கொடுக்கல் வாங்கல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அக்கருவியில் ஒலியின் உயரத்தை நிர்ணயிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். விசைப்பலகை அந்த வோல்ட்டைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டித் தருகிறது. அதுவே மேலை இசையின் இலக்கணம். ஆனால் மின்னழுத்தத்துக்கு அந்த இலக்கணம் தெரியாது. அதை இடைவெளியின்றி ஏற்றியிறக்கலாம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் மீண்டுக்கும் அது இடங்கொடுக்கும். இடர்களும் இருந்தன. வெப்பநிலை மாறினால் சுருதி விலகும். குஜராத்தின் கோடையை ராபர்ட் மோக் கணக்கில் கொண்டிருக்க வாய்ப்பில்லை. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரமே ஒலிக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, அதற்கு நினைவகம் கிடையாது. பகுதிகளை இணைக்கும் கம்பிகளைப் பிடுங்கிவிட்டால் அந்த ஒலி போயிற்று. காந்த நாடாவில் பதிந்தது மட்டுமே எஞ்சும்.

ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, இளம் மாணவரான ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அக்கூடத்தில் இசையமைத்தனர். 'ஒருகாலத்தில் நான் தம்புரா வாசித்தேன்' எனப் பொருள்படும் தலைப்பை மாத்தூர் தம் ஆக்கம் ஒன்றுக்கு இட்டார். தம்புராவும் நிலைத்த ஒலியின் மீது மேலொலிகளை எழுப்பும் கருவி என்பதை எண்ணினால், தலைப்பில் குறும்பு மட்டுமன்றி ஆய்வும் இருப்பது புலப்படும்.

அக்கூடத்தின் வாழ்வு சில ஆண்டுகளே. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே கிடந்தன. பிரிட்டானிய இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 1969 முதல் 1972 வரையிலான பதிவுகளிலிருந்து தேர்ந்த தொகுப்பு 2023இல் வெளிவந்தது. இதற்கிடையிலான அரை நூற்றாண்டில், இசை வரலாற்று நூல்கள் கீதா சாராபாயைக் கேஜின் வாழ்க்கையில் வந்துபோன ஓர் இந்தியப் பெண்ணாகவே பெரும்பாலும் குறிப்பிட்டன. அத்தொகுப்பில் மோக்கில் அவர் அமைத்த இசையும் உள்ளது. தலைப்பிலேயே 'கீதாபென்' என்று அவர் பெயர் நிற்கிறது.