திறக்குமுன் அறிதல்

1940-ம் வருஷத்து மாடலாக ஓல்ட்ஸ்மொபீல் கார்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, விலைக்கு மேல் 57 டாலர் கொடுக்கச் சம்மதித்தவர்களுக்குக் கிளட்ச் பெடலே இல்லாத வண்டி கிடைத்தது. ‘ஹைட்ராமேட்டிக்’ என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி நாமகரணம் செய்திருந்த அந்தக் கியர்பெட்டிக்குள், எண்ணெயின் சுழற்சியாலேயே என்ஜினின் சக்தியைப் பின்னால் கடத்தும் இணைப்பு ஒன்றும், நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் வலம் வரும் பற்சக்கரத் தொகுதிகளும், அவற்றை வேண்டும்போது பிடித்தும் வேண்டாதபோது விட்டும் நான்கு வேகங்களை உண்டாக்கும் பட்டைகளும் கிளட்ச் தட்டுகளும், எதை எப்போது பிடிப்பது என்பதை எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டே நிச்சயிக்கும் வால்வுகளும் அடங்கியிருந்தன. எண்ணெய்ச் சுழற்சியால் சக்தியைக் கடத்தும் தத்துவம் ஜெர்மானிய என்ஜினீயர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்தது. அதை மற்ற உறுப்புகளுடன் இணைத்து, சாமானியர் வாங்கக்கூடிய காரில் பொருத்திக் காட்டிய பெருமை ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜினீயர் எர்ல் தாம்ஸனையும் அவருடைய சகாக்களையும் சேரும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பெரும் விடுதலை. பழுது பார்க்கிறவர்களுக்கோ, அதுவரை தாங்கள் கற்றிருந்த வித்தையில் பாதி பயனற்றுப்போன நாள் அது. பழைய கியர்பெட்டியில் கோளாறு என்றால், மெக்கானிக் தன் கையாலேயே கியர் மாற்றிப் பார்த்து, எந்தப் பல் உரசுகிறது, எந்தக் கியர் தானாக நழுவுகிறது என்பதைக் காதாலும் உள்ளங்கையாலும் அறிந்துகொண்டான். இப்போது கியரை மாற்றுவது அவன் கை அல்ல. மூடிய இரும்புக் கூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் எண்ணெய். அதைத் திறந்து பார்த்தாலும் விடை கிடைத்துவிடாது. ஏனெனில் அழுத்தம் இருக்கும்போதுதான் அந்த யந்திரம் உயிருடன் இருக்கிறது, பிரித்து மேஜைமேல் பரப்பிய மாத்திரத்தில் அழுத்தமும் போய்விடுகிறது, கோளாற்றின் சாட்சியும் அதனுடன் போய்விடுகிறது. ஆகவே திறக்குமுன் அறிந்துகொள்வது என்பது இந்தத் தொழிலில் ஆரம்ப முதலே சாமர்த்தியத்தின் அடையாளமாக மட்டுமின்றி, நேர்மையின் லட்சணமாகவும் இருந்துவந்திருக்கிறது.

யுத்த காலத்தில் எம்-5 என்னும் இலேசு டாங்கிகளில் இந்தப் பெட்டி பொருத்தப்பட்டு நற்பெயர் பெற்றது. யுத்தம் முடிந்தபின், 1948-ல் பியூக்கின் டைனாஃப்ளோ, 1950-ல் ஷெவர்லேயின் பவர்கிளைடு, 1951-ல் ஃபோர்டின் ஃபோர்டோமேட்டிக், 1956-ல் கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. 1953 ஆகஸ்டு 12-ந் தேதி மிச்சிகன் ராஜ்யத்து லிவோனியாவில் ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை தீக்கு இரையாயிற்று. வில்லோ ரன் என்ற இடத்தில் உற்பத்தி மறுபடி தொடங்கும்வரை காடிலாக் கார்கள் சில பியூக்கின் பெட்டியுடனும், பான்டியாக் கார்கள் சில ஷெவர்லேயின் பெட்டியுடனும் வெளிவந்தன. வண்டியின் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. பரீட்சை தொடங்குமுன் எந்தப் பெட்டி என்று அடியில் குனிந்து பார்த்து நிச்சயித்துக்கொள்ளும் வழக்கம் இன்றுவரை நல்ல பட்டறைகளில் முதற் காரியமாக இருப்பது நியாயந்தான்.

இந்தப் பெட்டிகளை மட்டுமே புதுப்பித்துத் தரும் தனிப் பட்டறைகள் பெருகியதும், 1954-ல் அவற்றை நடத்தியவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஆட்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சங்கம் தொழில்நுட்ப விவரங்களை ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. அவர்கள் சேர்த்துவைத்த அறிவில் மிகப் பெரும் பகுதி, செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளைப் பற்றியதே என்பது கவனிக்கத்தக்கது.

அவற்றுள் தலையாயது எண்ணெய்ப் பரீட்சை. 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த ‘டைப் ஏ’ முதலாக இந்த எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் ஏற்றும் வழக்கம் நிலைத்தது. தரையில் சொட்டியிருப்பது என்ஜின் ஆயிலா, கியர்பெட்டியின் ஆயிலா என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். வண்டியை ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவி, அதன் நுனியை வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துப் பார்க்கவேண்டும். தெளிந்த சிவப்பாகப் பரவினால் கவலை குறைவு. பழுப்பேறித் தீய்ந்த வாசனை அடித்து, நடுவில் கரும்பொடி தங்கினால், கிளட்ச் தட்டுகளின் மேற்பூச்சு எரிந்து எண்ணெயில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ரோஜாப்பால் நிறத்தில் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரில் ஓட்டை விழுந்து தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. காகிதக்கூழால் ஆன அந்த மேற்பூச்சைப் பிடித்திருக்கும் பசையை நீர் இளக்கிவிடும் என்பதால், அந்த வண்டியை அதற்குமேல் ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது.

இந்த எண்ணெயின் சரித்திரம் சமுத்திரம் வரை செல்கிறது. கிளட்ச் தட்டுகள் அதிராமல் மிருதுவாகப் பற்றுவதற்கென்று முற்காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்துவந்தார்கள். 1970-ல் அமெரிக்க அரசாங்கம் அந்தப் பிராணியை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. மாற்றுப் பொருளைத் தேடவேண்டியதாயிற்று. அப்படி வந்த டெக்ஸ்ரான் 2 என்ற எண்ணெயின் முதற் கலவை, கூலரின் பற்றாசை அரித்துவிடுகிறது என்று தெரிந்து, பின்னர் திருத்தி அமைக்கப்பட்டது. திமிங்கிலத்தைக் காப்பாற்றியது சரியான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இடைக்காலத்தில் கலங்கிய எண்ணெயுடன் வந்த வண்டிகளுக்குக் காரணம் ரேடியேட்டருக்குள் இருந்தது என்பதை அறியாமல் கியர்பெட்டியை மாத்திரம் புதுப்பித்து அனுப்பியிருந்தால், அந்தப் புதுப் பெட்டியும் அதே கதிக்கு ஆளாகியிருக்கும்.

மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது நம் தர்க்க சாஸ்திரத்தின் முதல் உதாரணம். இந்தத் தொழிலிலோ, புகைக்கு வேறொரு காரணம் உண்டென்று அறிந்திருப்பதே தேர்ச்சிக்கு அடையாளமாயிற்று. 1960-களிலும் 70-களிலும் வந்த பெட்டிகள் பலவற்றில் ‘வாக்குவம் மாடுலேட்டர்’ என்று ஒரு சிறு தகரச் சிமிழ் உண்டு. ரப்பர்க் குழாய் வழியாக என்ஜினின் உறிஞ்சு சக்தி அதை வந்தடையும். எத்தனை பாரம் இழுக்கிறது என்பதை அதைக் கொண்டுதான் கியர்பெட்டி அறிந்துகொள்ளும். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால், என்ஜின் அந்தக் குழாய் வழியே கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடுகிறது. எக்ஸாஸ்டில் வெண்புகை கக்குகிறது; தரையில் ஒரு சொட்டும் ஒழுகாமலே டிப்ஸ்டிக்கில் எண்ணெய் குறைகிறது; கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறுகிறது. என்ஜின் கெட்டுவிட்டது என்று ஒருவனும், கியர்பெட்டி போய்விட்டது என்று இன்னொருவனும் சொல்லும் இந்த வியாதிக்கு, குழாயைக் கழற்றி அதனுள் ஈரமிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதே பரீட்சை. மலிவான அந்தச் சிமிழை மாற்றுவதே சிகிச்சை.

பரிசேஷ நியாயம், அதாவது மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கி எஞ்சியதைக் கொள்ளுதல், இதைவிட நயமானது. 1969-ல் வந்த ஷெவர்லே பிளேஸர் முதலிய வண்டிகளில் பொருத்தப்பட்ட டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்னும் மூன்று வேகப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் கியரும் இரண்டாவதும் சரியாகப் பிடிக்கின்றன; மூன்றாவதில் என்ஜின் உறுமுகிறதே ஒழிய வண்டி வேகம் கொள்வதில்லை; ரிவர்ஸும் போகவில்லை. இந்த இரண்டுக்கும் பொதுவாக வேலை செய்வது ‘டைரக்ட் கிளட்ச்’ என்ற ஒன்றே. மூன்றாவது நன்றாக இருந்து ரிவர்ஸ் மட்டும் போகாவிட்டால் அந்தக் கிளட்ச் நிரபராதி. ‘லோ-ரிவர்ஸ்’ கிளட்சைச் சந்தேகிக்கவேண்டும். எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் பிடிக்கும் என்று காட்டும் அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி ஒருமுறை ஓட்டிவந்தால் போதும். ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாமல் குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடலாம்.

இன்று எஸ்யூவி என்று சொல்லப்படும் வண்டிகளில், நான்கு சக்கர இயக்கத்தையும் ஆட்டோமேட்டிக் கியரையும் ஒருங்கே தந்த முன்னோடி, ஒஹையோ ராஜ்யத்து டொலீடோவில் தயாராகி 1963 மாடலாக வந்த ஜீப் வாகனீயர். குடும்பத்தோடு மலைப்பாதையில் ஏறவும், படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போகவும் ஜனங்கள் அதை வாங்கினார்கள். பாரம் இழுப்பதால் எண்ணெய் சூடேறிச் சீக்கிரம் கெட்டது. அதோடு, பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டியும் ஒட்டிக்கொண்டிருந்ததால், பழி யாருக்கு என்ற கேள்வியும் இரட்டித்தது. எந்தக் கியரிலும் நகராத வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் நிற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

1980-களில் மின்சாரமும் கம்ப்யூட்டரும் உள்ளே புகுந்தபோது, பழைய பரீட்சைகளுக்கு இனி மதிப்பில்லை என்று பலர் எண்ணினார்கள். அது தவறு என்பதற்கு ஜீப் செரோக்கி நல்ல அத்தாட்சி. 1987 முதல் அதில் வந்த ஏ.டபிள்யூ.4 என்னும் ஜப்பானியப் பெட்டியில், கியர் மாற்றும் ஆணைகளை டாஷ்போர்டுக்கு அடியிலிருக்கும் கம்ப்யூட்டர் இரண்டு சொலினாய்டு வால்வுகளின் மூலம் அனுப்புகிறது. வண்டி கியர் மாற மறுக்கிறதா? அந்தக் கம்ப்யூட்டருக்குரிய ஃபியூஸை எடுத்துவிடுங்கள். இப்போது லீவரை 1-2 என்ற இடத்தில் வைத்தால் முதல் கியரும், 3-ல் வைத்தால் மூன்றாவதும், டி-யில் வைத்தால் நான்காவதும் பிடிக்கவேண்டும். கையால் மாற்றி ஓட்டும்போது மூன்றும் உறுதியாகப் பிடித்தால், இரும்பும் எண்ணெயும் பெரும்பாலும் நலமாக இருக்கின்றன. பிழை ஒயரிலோ, சொலினாய்டிலோ, திராட்டில் சென்சாரிலோ, லீவரின் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சுவிட்சிலோ இருக்கிறது. பெட்டியை இறக்கும் பெருஞ்செலவு தேவையா என்பதை, ஒரு ஃபியூஸை உருவிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பதாலேயே தீர்மானித்துவிடலாம். இந்தத் தொழில் உண்டாக்கிய சோதனைகளிலே அழகானது இதுவென்று நான் சொல்வேன்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓ.பி.டி.-2 என்ற பொதுமுறை கட்டாயமாகி, ஸ்கேன் கருவியைச் செருகிய மாத்திரத்தில் கோளாற்றுக் குறியெண் கிடைக்கும் காலம் வந்தது. குறியெண் சந்தேகத்துக்குரிய இடத்தைச் சுட்டுமே அல்லாமல் தீர்ப்புச் சொல்லாது. சொலினாய்டின் பெயரில் ஒரு எண் வந்தால், பழுது சொலினாய்டிலும் இருக்கலாம், அதற்குப் போகும் ஒயர் என்ஜின் சூட்டில் வெந்து அறுந்தும் இருக்கலாம். மீட்டரை வைத்து அளந்து பாராமல் பெட்டியைக் கழற்றுகிறவன், நல்ல உறுப்பை எடுத்தெறிந்துவிட்டுப் பழுதை உள்ளேயே விட்டுவைக்கிறான்.

காரைப் பழுதுபார்க்கக் கொடுத்து ஏமாந்தவர்களின் முறையீடுகளைக் கேட்டு, கலிஃபோர்னியா ராஜ்யம் 1971-ல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்கீழ் ஏற்பட்ட விதிகளுள் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கென்றே தனியாக ஒன்று உண்டு: பெட்டியை வண்டியிலிருந்து கழற்றுமுன் அதைப் பரீட்சித்தாகவேண்டும், வெளியே இருக்கும் உறுப்பு எதையாவது மாற்றியோ சரிக்கட்டியோ கோளாற்றைத் தீர்க்க முடியுமா என்பதை அந்தப் பரீட்சையில் நிச்சயித்தாகவேண்டும், மின்னணுக் கட்டுப்பாடுள்ள பெட்டியானால் குறியெண்களையும் எடுத்துப் பார்த்தாகவேண்டும். நல்ல மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காரியமே அங்கே சட்டமாயிற்று. அந்தச் சட்டம் செல்லாத ஊர்களில் பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்களும், பெட்டியை இறக்கச் சம்மதம் கொடுக்குமுன், வெளியில் எதையெல்லாம் பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன்.